தின்னும் வெற்றிலையும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கோயிலுக்குக் கிளம்பினால், தெருவில் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி "என்ன வேண்டுதல்?" என்பதுதான். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், வீட்டுக்காரருக்கு மேலுக்குச் சுகமில்லை, இடத்துத் தகராறு இழுத்துக்கொண்டே போகிறது. பதில் இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். "ஒண்ணுமில்ல, சும்மா பார்த்துட்டு வரலாம்னு" என்றால் நம்ப மாட்டார்கள். சொல்ல விருப்பமில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

கஷ்டத்தில் கூப்பிடத்தானே சாமி. நானும் கூப்பிட்டிருக்கிறேன், இனியும் கூப்பிடுவேன். ஆனால் கஷ்டத்தின் வழியாக மட்டுமே அவரைத் தேடிப் பழகிவிட்டால், நன்றாக இருக்கிற நாட்களில் அவர் நினைப்பே இல்லாமல் போய்விடுகிறது. அவசரத்துக்கு மட்டும் நாம் போன் போடுகிற வெளியூர்ச் சித்தப்பா மாதிரி அவரை ஆக்கிவிடுகிறோம். மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது, சாயங்காலம் காற்று நன்றாக வீசியது, பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது. இதெல்லாம் நடந்த நாளைத்தான் "இன்னைக்கு விசேஷமா ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்த எண்ணத்தை எனக்குள் போட்டது நம்மாழ்வாரின் ஒரு வரி. பெருமாளைப் பற்றி அந்த ஆழ்வார் பாடிய திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். அதில் ஆறாம் பத்தில் ஏழாவது பதிகம் இப்படித் தொடங்குகிறது:

"உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்."

சிறு வயதிலிருந்து காதில் விழுந்த வரிதான். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் யாராவது ஒருவர் முணுமுணுப்பார்கள். சோறு கடவுள் என்றால் புரிகிறது. பசித்தவனுக்கு அதைவிடப் பெரிய கடவுள் கிடையாது. தண்ணீர் கடவுள் என்பதும் புரிகிறது, அதுவும் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் வெற்றிலை?

சோறில்லாமல் ஆள் இருக்க முடியாது. தண்ணீர் இல்லாமலும் முடியாது. வெற்றிலை இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் ஒரு நாளும் வெற்றிலை போடாமல் முழு ஆயுசும் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வைணவ உரையாசிரியர்கள் இந்த மூன்றையும் அழகாகப் பிரித்துக் காட்டுவார்கள். சோறு தாரகம், உயிரைத் தாங்கி நிறுத்துவது. தண்ணீர் போஷகம், அதை வளர்ப்பது. வெற்றிலை போக்கியம், அனுபவிப்பதற்காக மட்டுமே இருப்பது. உயிர் வாழத் தேவையான இரண்டோடு, தேவையே இல்லாத ஒன்றையும் அதே வரியில், அதே மரியாதையோடு உட்காரவைத்து, எல்லாம் கண்ணன் என்கிறார் ஆழ்வார்.

இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தேவையைத் தீர்த்துவைப்பது கடவுள் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். தேவைக்கு மேலே, கேட்காமல், காரணமில்லாமல் கிடைக்கிற அந்தக் கொஞ்சம் ருசியும் அவர்தான் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு இப்போது அந்த மூன்றாவதில்தான் அவர் இன்னும் தெளிவாகத் தெரிகிறார். பசியை ஆற்றுவதற்குச் சோறு போதும். அது மணக்கவும் வேண்டும் என்று யார் நினைத்தது?

ஆழ்வார் வெற்றிலையைச் சும்மா சொல்லவில்லை என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர் பிறந்த குருகூர், இன்றைய ஆழ்வார்திருநகரி, தாமிரபரணியை ஒட்டிய ஊர். ஆறு அங்கிருந்து கடலுக்குப் போகிற வழியில் ஆத்தூர். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை அந்த ஊருடையதுதான். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற கொடிக்கால்களில் அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு கொடி ஏறி நிற்கும். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்தாலும், கொடிக்காலுக்குள் நுழைந்தால் காற்றே வேறு. ஈரமண் வாசமும் இலையின் காரமான வாசமும் கலந்து மூக்கில் ஏறும். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலும் இந்தத் தண்ணீரில் கொடிக்கால் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் ஆச்சி வெற்றிலை போடுவதைப் பார்த்திருந்தால் அந்த வரிக்கு உரையே தேவைப்பட்டிருக்காது. மத்தியானம் எல்லோருக்கும் பரிமாறி, தானும் சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, தார்சாவில், அதாவது முன்கட்டுத் தாழ்வாரத்தில், தூணில் சாய்ந்து உட்காருவாள். பக்கத்தில் வெற்றிலைச் செல்லம், அந்தச் சின்னப் பெட்டி. வெற்றிலைக் கட்டிலிருந்து இரண்டு இலையை உருவி, முந்தானையில் முன்னும் பின்னும் துடைப்பாள். காம்பைக் கிள்ளிப் போடுவாள். பிறகு இலையைக் குப்புறப் போட்டு, முதுகில் ஓடுகிற நரம்பை நகத்தால் நுனியில் கிளப்பி, அடிவரைக்கும் ஒரே இழுப்பில் உரிப்பாள். இலை கிழியாது. ஆட்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவுவாள். பல் போன பிறகு இதெல்லாம் சின்ன இரும்பு உரலுக்குள் போகும். டொக், டொக், டொக் என்று அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். தெருநாய்கூட அப்போதுதான் படுக்கும்.

நாங்கள் சோற்றைத் தின்றதும் எழுந்து ஓடுவோம். "ஏட்டி, கொஞ்சம் இரு. வயித்துக்குக் குடுத்தாச்சு, இனி மனசுக்குக் குடுக்கணும்லா" என்று பிடித்து உட்காரவைப்பாள். வெற்றிலை எங்களுக்குத் தர மாட்டாள். நாங்கள் அந்த நேரத்துக்கு வெறுமனே பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாக்கும் புகையிலையும் வாய்க்குச் செய்கிற கேட்டை இன்று எல்லோரும் அறிவோம். நான் வெற்றிலை போடுவதில்லை, யாரையும் போடச் சொல்லவும் இல்லை. ஆச்சி அந்த அரைமணி நேரத்துக்குக் கொடுத்த இடத்தைத்தான் சொல்கிறேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை. அவள் முகம் அன்று முழுவதிலும் மிக அழகாக இருக்கிற நேரம் அதுதான்.

அந்தப் பாசுரம் ஒரு தாய் சொல்வதாக அமைந்தது. மகளைக் காணவில்லை. எங்கே போயிருப்பாள்? சோற்றையும் தண்ணீரையும் வெற்றிலையையும் பார்த்தாலே கண்ணன் கண்ணன் என்று கண்ணீர் விடுகிறவள் அவள். அவன் இருக்கிற ஊரை வழி கேட்டுக் கேட்டு, திண்ணமாகத் திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள் என்று தாய் தேற்றிக்கொள்கிறாள். திருக்கோளூர் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊர். தாமிரபரணிப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிகளில் ஒன்று. அங்கே பெருமாளுக்கு வைத்தமாநிதி என்று பெயர். குபேரன் இழந்த செல்வத்தைக் காத்துவைத்து அளந்து கொடுத்தவர் என்பது தலபுராணம். அதனால் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். போன பணம் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். நானும் அந்தச் சந்நிதியில் நின்றிருக்கிறேன். முன்னால் நிற்கிறவர் கடன் பத்திரத்தின் நகலை மடித்துக் கையில் வைத்திருந்தார். அவருக்காக நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்த ஊருக்கு வழி கேட்டுப் போனதாக ஆழ்வார் பாடிய பெண்ணுக்குப் பணம் ஒன்றும் தொலையவில்லை. சாப்பாட்டு இலையும் வெற்றிலைத் தட்டும் அவளைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கின்றன.

எங்கள் வீட்டில் நாமம்தான். இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு இன்னொரு துணை, திருநாவுக்கரசர். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் போட்டு அடைக்கச் சொல்கிறான். சுண்ணாம்பு வேகிற காளவாய் அது. ஏழு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உயிரோடு இருக்கிறார். உள்ளே அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு இது:

"மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும் வீங்கிள வேனிலும் மூசு வண்டறை பொய்கையும் போன்றதே ஈசன் எந்தை இணையடி நீழலே."

எரிகிற அறைக்குள் உட்கார்ந்து இறைவனின் அடி எப்படி இருக்கிறது என்று சொல்ல வருகிறார். வானத்தையும் பூமியையும் அளந்த கதை எதையும் எடுக்கவில்லை. சுருதி சுத்தமாக மீட்டிய வீணை, சாயங்கால நிலா, உடம்பில் படுகிற தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கிற குளம். ஒரு சாதாரண ஆள் சித்திரை மாத சாயங்காலத்தில் குளத்தங்கரையில் உட்கார்ந்தால் கிடைக்கிறவை. வீணை மட்டும் கோயில் மண்டபத்திலிருந்து வந்தால் உண்டு. மற்ற நான்குக்கும் காசு கிடையாது, சிபாரிசு கிடையாது.

நான் யோசித்துப் பார்ப்பது இதைத்தான். நீற்றறைக்குள் போவதற்கு முன்பே அவர் நிலாவை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். தென்றல் அடித்தபோது நின்று வாங்கியிருக்க வேண்டும். வெளியே இருந்த நாட்களில் கவனித்துச் சேர்த்து வைத்திராதது, உள்ளே போனதும் எங்கிருந்து வரும்? சந்தோஷத்தைக் கவனிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டைத்தான் நான் எடுத்துப் போடுவேன்.

எனக்குக் கிடைத்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் உடன்குடிப் பக்கம் போனால் பனையடியில் பதநீர் கிடைக்கும். பாட்டிலில் ஊற்றி ரோட்டோரம் விற்பது வேறு. அப்போதுதான் இறக்கியதை, காலை வெயில் ஏறுவதற்கு முன் குடிக்க வேண்டும். பனையேறுகிற அண்ணாச்சி பச்சை ஓலையை மடித்து, நுனியைக் கட்டிப் பட்டை செய்து கையில் தருவார். இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும். அவர் வடிகட்டி ஊற்ற ஊற்ற, ஓலை மடிப்பில் நுரை ஏறி வரும். மாங்காயைச் சீவி உள்ளே போடுவார். குனிந்து வாய் வைத்தால் முதலில் வருவது பச்சை ஓலை வாசம், அப்புறம் இனிப்பு, கடைசியில் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் ஒரு மெல்லிய உறைப்பு. இரண்டு கையும் ஏந்தியபடி, தலை குனிந்து, பேச்சில்லாமல் நிற்கிறோம். தீர்த்தம் வாங்குகிறபோது எப்படி நிற்போமோ அதே நிலைதான். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மரத்தில் ஏறி இறங்கி அவருக்குக் காய்த்துப்போன நெஞ்சும் கையும் கண் முன்னால் இருக்கின்றன. அவர் பாடு இல்லாமல் இந்த இனிப்பு இல்லை. ஆனால் அந்த உழைப்பையும் தாண்டி, உப்புக்காற்று அடிக்கிற செம்மணல் தேரியில், ஒரு மரத்துக்குள் இவ்வளவு இனிப்பு எதற்காக இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்.

இது எங்கள் மதத்துக்காரர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கிற பாளையங்கோட்டை அக்கா வெயிலில் வந்து மண்பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை வைக்கும் முன்பே "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். காயல்பட்டினத்து சிநேகிதி வீட்டில் விரலில் ஒட்டிய கடைசிச் சோற்றை எடுத்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" வரும். பழக்கத்தில் வருகிற சொல்தானே என்பார்கள் சிலர். பழக்கம் என்றாலே மட்டம் என்று எனக்குத் தோன்றுவதில்லை. நன்றி பழக்கமாகிப் போகிற அளவுக்கு ஒரு ஆள் சொல்லியிருக்கிறாரே.

சரி, தண்ணீரைப் பற்றிப் பேசும்போது 2023 டிசம்பரை விட்டுவிட்டு எழுத முடியாது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை தெரியாமல் வந்தது. ஏரலில் எங்கள் அத்தை வீட்டில் தண்ணீர் ஜன்னலுக்கு ஏறியது. நெல் மூட்டை நனைந்து, வடிந்த பிறகு பார்த்தால் சாக்குக்குள்ளேயே முளை விட்டிருந்தது. கல்யாண ஆல்பம், பத்திரம், தையல் மெஷின் எல்லாம் சேறு. நான் போய் நின்றபோது அத்தை கேட்டாள்: "பருகும் நீர் கண்ணன்னு பாடுவியே, இந்தத் தண்ணியில எங்கட்டி உன் கண்ணன்?"

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்குள் ஒரு நல்ல நோக்கம் ஒளிந்திருந்தது என்று, எல்லாம் போன ஒருத்தியிடம் சொல்வது பக்தி ஆகாது. சந்தோஷத்தில் அவரைப் பார்க்கிறேன் என்பதற்காக, துக்கத்துக்கெல்லாம் விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்துவிடவில்லை. ஆழ்வாரும் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாசுரத்தைச் சொல்கிற தாய், பெண்ணைக் காணாமல் அழுதுகொண்டிருக்கிறாள். நாவுக்கரசர் இருந்தது நெருப்புக்குள். இருவர் வாயிலும் இனிப்பான சொற்கள் வந்தன, அவர்கள் நிலைமை அதனால் இனிப்பாகிவிடவில்லை.

அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போய்விட்டது, சாலையும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு நாள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் தண்ணீர் சூழ்ந்திருக்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். இதைப் பேப்பரில் படித்துவிட்டு அத்தையிடம் சொன்னேன். "உண்ணும் சோறுன்னா அதான்" என்றாள். அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றிக் கேட்ட கேள்வியை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். ஊர் ஊராக வந்த பொட்டலச் சோற்றைத் தின்று தின்று எல்லோருக்கும் நாக்கு செத்துப்போயிருந்தது. சேற்றை வழித்துக் கழுவி, இரவல் அடுப்பை மூட்டி, அத்தை முதன்முதலாகத் தன் வீட்டில் கஞ்சி வைத்தாள். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், கொள்ளில் அரைப்பது. அம்மி தண்ணீருக்கடியில் கிடந்தும் ஒன்றும் ஆகாமல் இருந்தது. அதில் அரைத்தாள். மிளகாயும் பூண்டும் நசுங்குகிற வாசம் சேற்று நாற்றத்தைக் கிழித்துக்கொண்டு வாசல்வரை வந்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு, உறைப்பு எல்லாம் கணக்கா இருக்கு" என்றார். அத்தை சிரித்துவிட்டாள். வீடு போனதற்கும் அந்தச் சிரிப்புக்கும் கணக்கு நேராகாது. நேராக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கஞ்சி போதும் என்கிற நிலைமையில் துவையலையும் யோசித்து அரைத்தாளே, அந்தத் துவையல்தான் எனக்கு வெற்றிலை.

எங்கள் வீட்டில் இப்போது இந்தச் சொல் புழங்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டின்போது "இன்னைக்கு உன் வெத்தலை என்ன?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். மார்க், சம்பளம், வேலை முடிந்தது என்பதெல்லாம் சோற்றுக் கணக்கு. அதைச் சொல்லக் கூடாது. கேட்காமல் வந்ததை, இல்லாவிட்டாலும் நாள் ஓடியிருக்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. கரண்ட் போன நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனோம், பொதிகைப் பக்கமிருந்து காற்று வந்தது. பழைய சேலையை மடிக்கும்போது அம்மாவின் சந்தன வாசம் வந்தது. ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், அதற்கும் அனுமதி உண்டு. வீட்டுக்காரர் அலுவலகத்தில் நெருக்கடியாக இருந்த மாதங்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் தோண்டித் துருவவில்லை. ஒரு நாள் அவராகவே, "டீக்கடையில இன்னைக்கு இஞ்சி நல்லா தட்டிப் போட்டிருந்தான்" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் தட்டைப் பார்த்தபடி ரசத்தை ஊற்றினேன்.

சாமி பெயரைச் சொல்லி இதைக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு வரி தெரியும், அதுவே போதும். மகள் மட்டும் அண்மையில் கேட்டாள்: "எல்லாம் கண்ணன்னா, எனக்குப் பிடிச்சது எல்லாமேவா?" பிடித்ததெல்லாம் என்று ஆழ்வார் சொல்லவில்லையே, எல்லாம் என்றுதானே சொல்கிறார் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்போ பாகற்காயுமா?" என்றாள்.

"பாகற்காயும்தான்" என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை.